துலைத்துலா: ஒரு நகரமும் அதன் மொழியும்

ஸ்பெயினின் தலைநகர் மாட்ரிட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், கருங்கல் குன்றொன்றின் மீது அமைந்திருக்கிறது டொலிடோ நகரம். தாஹோ நதி மூன்று புறமும் வளைந்தோடி அதற்கு இயற்கை அகழியாக விளங்குகிறது. அரபு வரலாற்றாசிரியர்கள் இந்நகரைத் 'துலைத்துலா' என்றழைத்தனர். 1986ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்று வருவோருக்கெல்லாம் இது 'மூன்று பண்பாடுகளின் நகரம்' என்றே அறிமுகமாகிறது. இப்பெயர் பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் இங்கே கூடி வாழ்வதற்கு வழி செய்தது எது, அவ்வாழ்வு முறிந்தது எதனால் என்பதை அப்பெயர் கூறுவதில்லை. இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவது நமக்குப் பயன் தரும்.

முஸ்லிம்கள் வருமுன் துலைத்துலா விஸிகோத்திய மன்னர்களின் தலைநகராக இருந்தது. 589இல் இங்கு கூடிய திருச்சபை மாமன்றத்தில் மன்னர் ரெக்காரெத் கத்தோலிக்க மதத்தை ஏற்றார். அதன்பின் கூடிய மாமன்றங்கள் யூதர்களுக்கு எதிராகக் கடுஞ்சட்டங்களை இயற்றின. 694இல் அவர்களை அடிமைகளாக்கும் தீர்மானமும் நிறைவேறிற்று. 711இல் (ஹிஜ்ரி 92) ஜலசந்தியைக் கடந்த தாரிக் இப்னு ஸியாத், பெரும் எதிர்ப்பின்றியே இத்தலைநகரை அடைந்தார். அதன்பின் நகர் ஏறத்தாழ 370 ஆண்டுகள் முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. கிறிஸ்தவர்கள் ஜிஸ்யா செலுத்தித் தம் ஆலயங்களையும் ஆயர்களையும் வழிபாட்டு முறையையும் தக்கவைத்துக்கொண்டனர்.

அக்காலத்தைக் குறையற்ற பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. குர்துபாவின் அமீர்களுக்கு எதிராக இந்நகர் பன்முறை கிளர்ந்தெழுந்தது. கிளர்ந்தவர்களில் பலர் இஸ்லாத்தைத் தழுவிய உள்நாட்டு மக்களே. முதலாம் ஹகமின் காலத்தில் நகரப் பிரமுகர்கள் விருந்துக்கு அழைக்கப்பட்டுக் கொல்லப்பட்டு, குழியில் வீசப்பட்ட கொடுமையை அரபு ஏடுகளே 'குழி நிகழ்ச்சி' என்று பதிவு செய்துள்ளன.

1031இல் குர்துபா கிலாஃபத் சிதைந்தபின், பனூ துன்னூன் வமிசத்தார் இங்கே தனி அரசு நடத்தினர். அவர்களுள் அல்-மஃமூன் (1043-1075) அறிஞர்களை ஆதரித்தவர். அவர் காலத்தில் நகரின் காழியாக இருந்த ஸாயித் அல்-அந்தலுஸி, 1068இல் 'தபகாத்துல் உமம்' என்னும் நூலை எழுதினார். அறிவியலை வளர்த்த சமுதாயங்கள் எட்டு என வகுத்த அவர், அவற்றுள் இந்தியர்களை முதலாவதாக வைத்தார். கிரேக்கர், பாரசீகர், எகிப்தியர், யூதர் ஆகியோரையும் அவ்வரிசையில் சேர்த்தார். அறிவு ஓர் இனத்தின் தனிச்சொத்தன்று என்னும் தெளிவு, இந்தியாவைக் கண்டிராத இக்காழியிடம் இருந்தது குறிப்பிடத்தக்கது. அவருடன் வானாய்வில் ஈடுபட்டவர்களுள் முதன்மையானவர் அஸ்ஸர்காலி. உலோகத்தில் கருவிகள் செதுக்கும் கைவினைஞராகத் தொடங்கிய அவர், எல்லா அட்சரேகைகளிலும் பயன்படும் அஸ்தர்லாபை உருவாக்கினார். அக்குழுவினரின் ஆய்விலிருந்து பிறந்த 'துலைத்துலா அட்டவணைகள்' ஐரோப்பிய வானியலாளரின் கைகளில் நெடுங்காலம் இருந்தன. 1543இல் வெளிவந்த தம் நூலில் கோபர்னிகஸ் அஸ்ஸர்காலியின் பெயரைக் குறிப்பிடுகிறார்.

எனினும் இந்த அறிவுச் செழிப்பு அரசியல் வலிமையாக மாறவில்லை. சிற்றரசுகள் ஒன்றையொன்று பகைத்து, வடக்கிலிருந்த கிறிஸ்தவ மன்னர்களுக்குக் கப்பம் கட்டின. 1072இல் சகோதரனிடம் தோற்று ஓடிவந்த ஆறாம் அல்ஃபோன்ஸோவுக்கு அல்-மஃமூன் இந்நகரிலேயே அடைக்கலம் தந்தார். அதே அல்ஃபோன்ஸோ, அல்-மஃமூனின் பேரன் அல்-காதிரிடமிருந்து 1085 மே 25இல் (ஹிஜ்ரி 478) நகரைப் பெற்றுக்கொண்டார். முஸ்லிம்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு உண்டு, ஜும்ஆ பள்ளிவாசல் அவர்களிடமே இருக்கும் என்பன சரணடைவின் நிபந்தனைகள் என்று பழைய ஏடுகள் கூறுகின்றன. ஈராண்டுகள் கூட அவ்வாக்குறுதி நிலைக்கவில்லை. பள்ளிவாசல் கைப்பற்றப்பட்டுப் பேராலயமாக்கப்பட்டது. 1226இல் அவ்விடத்திலேயே இன்றுள்ள பேராலயத்தின் கட்டுமானம் தொடங்கிற்று. அஸ்ஸர்காலியும் அந்நெருக்கடி ஆண்டுகளில் குர்துபாவுக்குப் பெயர்ந்து சென்றார்.

இங்கேதான் வரலாறு எதிர்பாராத திருப்பம் கொள்கிறது. ஆட்சி மாறியும் நகரின் மொழி மாறவில்லை. மூன்று நூற்றாண்டுகளாக அரபு பேசிப் பழகிய உள்ளூர்க் கிறிஸ்தவர்களான முஸ்தஃரிப்கள், நிலம் விற்றாலும் வீடு வாங்கினாலும் அரபியிலேயே ஆவணம் எழுதினர். 12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அத்தகைய ஆவணங்கள் ஆயிரத்துக்கும் மேல் எஞ்சியுள்ளன. யூதர்கள் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய ஆலயம், குதிரைலாட வளைவுகளோடு பள்ளிவாசலைப் போன்றே காட்சி தருகிறது. 1357ஐ ஒட்டி, மன்னர் பெட்ரோவின் பொருளாளர் சாமுவேல் லேவி கட்டிய யூத ஆலயத்தின் சுவர்களில் எபிரேய எழுத்துகளோடு அரபு எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. 999இல் (ஹிஜ்ரி 390) கட்டப்பட்ட பாபுல் மர்தூம் பள்ளிவாசல் பின்னர் கிறிஸ்தவ ஆலயமாயிற்று. ஆனால் அதைக் கட்டுவித்த அஹ்மத் இப்னு ஹதீதியின் பெயரைத் தாங்கிய கூஃபி எழுத்துச் செங்கல் வரிசை இன்றும் முகப்பில் நிற்கிறது.

புகழ்பெற்ற மொழிபெயர்ப்புப் பணி இம்மண்ணில்தான் விளைந்தது. 'துலைத்துலா மொழிபெயர்ப்புப் பள்ளி' என்று சொல்லக் கேட்கிறோம். உண்மையில் அது கட்டடமும் பாடத்திட்டமும் கொண்ட பள்ளியன்று. அருகருகே அமர்ந்த இருவரின் கூட்டு உழைப்பு எனலாம். இப்னு ஸீனாவின் ஆன்மா குறித்த நூலை இப்னு தாவூத் என்ற யூத அறிஞர் சொல் சொல்லாக மக்கள் மொழியில் கூற, குந்திஸால்வோ என்ற பாதிரியார் இலத்தீனில் எழுதினார். டாலமியின் 'அல்மஜெஸ்ட்' நூலைத் தேடி இத்தாலியிலிருந்து வந்த ஜெரார்து (இறப்பு 1187), இங்கேயே தங்கி 70க்கும் மேற்பட்ட நூல்களை மொழிபெயர்த்தார். இப்னு ஸீனாவின் மருத்துவக் களஞ்சியமான 'கானூன்', குவாரிஸ்மியின் அல்ஜிப்ரா ஆகியவை அவற்றுள் அடங்கும். அவருக்குத் துணை நின்றவர் காலிப் என்னும் முஸ்தஃரிப். ஜெரார்தை உலகம் அறியும். காலிபைப் பற்றிப் பெயருக்கு மேல் அறியப்படுவது மிகக் குறைவு.

அவ்வுழைப்பு முழுவதும் நட்பின் விளைவன்று என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 1210இல் பேராலயத்தின் குருக்களுள் ஒருவரான மார்க், திருக்குர்ஆனை இலத்தீனில் ஆக்கியது இஸ்லாத்தை மறுப்பதற்காகவே. ஆனால் மறுப்பதற்கும் அரபு கற்க வேண்டியிருந்தது. ஒருவர் நூலை மற்றவர் படித்தறிந்த வரையில் நகரில் உரையாடல் உயிரோடிருந்தது.

அது படிப்படியாக முறிந்தது. 1391இல் யூதர்கள் மீது வன்முறை பாய்ந்தது. 1449இல் இந்நகரிலேயே இயற்றப்பட்ட 'இரத்தத் தூய்மை' விதி, மதம் மாறிய யூத வமிசத்தாரையும் பதவிகளிலிருந்து விலக்கிற்று. மதம் மாறினாலும் மன்னிப்பில்லை என்றானபின் கூடி வாழ்வதற்கு என்ன பொருள் இருக்க முடியும்? 1492இல் யூதர்கள் நாடு கடத்தப்பட்டனர். 1502இல் காஸ்டிலிய முஸ்லிம்கள் மதம் மாறவோ வெளியேறவோ ஆணையிடப்பட்டனர்.

இரு பேராயர்களை ஒப்பிட்டால் இம்மாற்றம் தெளிவாகும். 12ஆம் நூற்றாண்டில் துலைத்துலாவின் பேராயராயிருந்த ரேமுந்தின் காலத்தில் அரபு நூல்களின் மொழிபெயர்ப்பு தழைக்கத் தொடங்கிற்று. அதே பீடத்தில் 1495இல் அமர்ந்த சிஸ்னெரோஸ், அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில் கிரனாடாவின் சதுக்கத்தில் அரபு நூல்களைக் குவித்துத் தீயிட்டார். மருத்துவ நூல்கள் மட்டும் தப்பின. வியப்பு என்னவெனில், முஸ்லிம் ஆட்சியில் காக்கப்பட்ட முஸ்தஃரிப் வழிபாட்டு முறையை அழியாமல் அச்சிட்டு, பேராலயத்தில் அதற்கெனத் தனிச் சிற்றாலயம் அமைத்தவரும் அவரே.

1605இல் வெளியான 'தோன் கிஹோத்தே' புதினத்தில் செர்வாந்தெஸ் ஒரு காட்சியை அமைத்திருக்கிறார். துலைத்துலாவின் கடைத்தெருவில் ஒரு சிறுவன் பழைய தாள்களை விற்க வருகிறான். அவை அரபியில் இருக்கின்றன. கதைசொல்லி ஒரு மொரிஸ்கோவைத் தேடிப் பிடித்து, பேராலயத்தின் முற்றத்துத் தாழ்வாரத்தில் பேசி முடித்து, உலர்திராட்சையும் கோதுமையும் கூலியாகத் தந்து மொழிபெயர்க்கச் செய்கிறார். ஐரோப்பாவின் முதற்பெரும் புதினம் தன்னை ஓர் அரபு ஏட்டின் மொழிபெயர்ப்பு என்று சொல்லிக்கொள்கிறது. அந்தப் பேராலயமோ பழைய பள்ளிவாசலின் இடத்தில் நிற்பது. நான்காண்டுகளில், 1609இல், மொரிஸ்கோக்களை நாடு கடத்தும் ஆணை பிறந்தது. அதன்பின் அக்கடைத்தெருவில் அத்தாளைப் படித்துச் சொல்ல ஆளில்லை.

துலைத்துலாவை நினைக்கும்போது இழந்த அரசுக்காக நாம் ஏங்குவதுண்டு; ஐரோப்பாவுக்கு அறிவு தந்தோம் என்று பெருமிதம் கொள்வதும் உண்டு. இரண்டும் போதா. அல்-மஃமூனின் அரசு 1085இல் வீழ்ந்தது. அரபோ அதன்பின் இரு நூற்றாண்டுகள் இந்நகரில் வாழ்ந்தது. ஏட்டிலிருந்த உடன்படிக்கை பள்ளிவாசலைக் காக்கவில்லை. அண்டை வீட்டார் பழகிய மொழியோ நூல்களைக் காத்தது. மனிதர் பல்வேறு சமுதாயங்களாகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது திருக்குர்ஆனின் போதனை. அறிதல் என்பது பிறர் நூலைத் திறந்து, அவரருகே அமர்ந்து படிப்பது. காலிபும் ஜெரார்தும் செய்தது அதுவே.