தித்திக்கும் விஷம்: கூலன்ட்டும் இருமல் மருந்தும்

வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டுக்கும், குழந்தைக்கு ஸ்பூனில் கொடுக்கும் இருமல் மருந்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இருக்கக் கூடாது. ஆனால் 1937லிருந்து இருந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் வேதியியல். பயப்படாதீங்க, சுருக்கமாக முடித்துவிடுகிறேன். குளிர் நாடுகளில் ரேடியேட்டர் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்தால் இன்ஜினே விரிசல் விட்டுவிடும். அது உறையாமல் இருக்க எத்திலீன் கிளைகால் கலப்பார்கள். அமெரிக்காவில் 1927லேயே பிரெஸ்டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது. இதற்கு டைஎத்திலீன் கிளைகால் என்று ஒரு தம்பி உண்டு. பிரேக் ஆயில், பிளாஸ்டிக் என்று பல தொழில்களில் அவனுக்கு வேலை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நிறம் கிடையாது, வாசனையும் பெரிதாகக் கிடையாது, நாக்கில் வைத்தால் இனிக்கும். தரையில் சிந்திய கூலன்ட்டை நக்கிவிட்டு நாய்கள் சாவது இதனால்தான்.

உள்ளே போனதும் உடம்பு இதை உடைக்கப் பார்க்கிறது. வில்லங்கமே அங்கேதான். எத்திலீன் கிளைகால் கடைசியில் ஆக்சாலிக் அமிலமாகி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படிகிறது. தம்பி வேறொரு அமிலமாக மாறி அதே சிறுநீரகத்தைக் கெடுக்கிறான். குடித்ததைவிட, குடித்தது மாறி உருவாவதுதான் கொல்கிறது. அதனால் எத்திலீன் கிளைகாலைக் குடித்துவிட்டவருக்கு டாக்டர்கள் ரொம்ப காலம் கொடுத்த முறிமருந்து என்ன தெரியுமா? ஆல்கஹால்! கல்லீரல் அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் விஷம் மாறாமல் வெளியே போய்விடும். இப்போது அதற்கென்றே ஃபோமெபிசோல் என்ற மருந்து இருக்கிறது, கூடவே டயாலிசிஸும் செய்வார்கள். எல்லாமே சீக்கிரம் கண்டுபிடித்தால்தான்.

சரி, 1937க்குப் போவோம்.

அப்போது பென்சிலின் புழக்கத்துக்கு வரவில்லை. தொண்டைப் புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் சல்ஃபனிலமைட் என்ற மருந்துதான் அதிசயம் செய்துகொண்டிருந்தது. ஆனால் மாத்திரையாகவும் பொடியாகவும் மட்டுமே கிடைத்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கத் திரவமாக வேண்டும் என்று தேவை எழுந்தது. டென்னஸி மாநிலம் பிரிஸ்டலில் இருந்த மாசென்ஜில் என்ற கம்பெனியின் தலைமை வேதியியலாளர் ஹெரால்ட் வாட்கின்ஸ், அந்தப் பொடி எதில் கரையும் என்று தேடி, டைஎத்திலீன் கிளைகாலில் கரையக் கண்டார். ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தார். கம்பெனி ருசி பார்த்தது, நிறம் பார்த்தது, மணம் பார்த்தது. ஒரு எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அப்போது சட்டமும் இல்லை.

240 கேலன் தயாரித்து, செப்டம்பரில் நாடு முழுக்க அனுப்பினார்கள். அக்டோபரில் ஓக்லஹோமாவின் டல்சா நகரிலிருந்து செய்தி வந்தது: குழந்தைகளுக்குச் சிறுநீர் போவது நின்றுவிடுகிறது, சில நாட்களில் இறந்துவிடுகிறார்கள். எஃப்.டி.ஏ. தன்னிடமிருந்த இன்ஸ்பெக்டர்கள் அனைவரையும் ஊர் ஊராக அனுப்பி, கடைக் கணக்கையும் டாக்டர் சீட்டையும் வைத்து ஒவ்வொரு பாட்டிலாகத் துரத்தியது. 234 கேலன் திரும்பக் கிடைத்தது. கிடைக்காமல் போன ஆறே கேலனில் நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதில் பலர் குழந்தைகள்.

இதில் என்னால் ஜீரணிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. விஷத்தை விற்றார்கள் என்பதற்காக அந்தப் பாட்டில்களைப் பறிமுதல் செய்ய முடியவில்லை. லேபிளில் 'எலிக்ஸிர்' என்று இருந்தது. எலிக்ஸிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை. ஆகவே 'தவறான பெயர்' என்ற குற்றம்! ஆல்கஹாலில் கரைத்து அதே பெயரில் விற்றிருக்கலாம், 'கரைசல்' என்று எழுதிவிட்டு இதே விஷத்தையும் விற்றிருக்கலாம். கம்பெனிக்கு சுமார் 26,000 டாலர் அபராதம். வாட்கின்ஸ் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த வருடமே, 1938ல், விற்பதற்கு முன்னால் மருந்து பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இந்த விஷத்தை விலங்குகளில் சோதித்த குழுவில் ஃபிரான்ஸிஸ் கெல்ஸி என்ற ஆராய்ச்சி மாணவி இருந்தார். பிற்காலத்தில் எஃப்.டி.ஏ.வில் சேர்ந்து, தாலிடமைட் மாத்திரை அமெரிக்கச் சந்தைக்குள் நுழையாமல் தடுத்தவர் இவர்தான். (அது தனிப் பதிவுக்கான கதை.)

கதை 1938ல் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1937ல் நடந்தது அறியாமை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெரும்பாலும் காசு. சிரப்புக்கு அடிப்படையாகச் சேர்ப்பது கிளிசரின் அல்லது புரொப்பிலீன் கிளைகால். அவையும் நிறமில்லாமல், இனிப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். டைஎத்திலீன் கிளைகால் அதைவிட மலிவு. கண்ணாலும் நாக்காலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகத்தில் முடியும். பனாமாவில் 2006ல் நடந்ததைப் பாருங்கள். சீனாவில் ஒரு தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய 'கிளிசரின்' பெய்ஜிங், பார்சிலோனா வியாபாரிகள் கைமாறி பனாமா போய், அரசின் ஆய்வகத்திலேயே சுமார் 2,60,000 பாட்டில் மருந்தில் கலந்தது. மூன்று கண்டம் தாண்டிய பீப்பாய்களை வழியில் ஒருவரும் சோதிக்கவில்லை. எல்லோரும் கூடவே வந்த காகிதத்தைத்தான் படித்தார்கள்.

நம் ஊர்க் கணக்கும் சின்னதில்லை. 1972ல் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் சுமார் 15 குழந்தைகள். 1986ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரின் கொடுக்கப்பட்ட 14 நோயாளிகள். 1998ல் குர்கானில் 33 குழந்தைகள். 2020ல் ஜம்மு. 2022ல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோது, ஹரியானாவில் தயாரான சிரப்புகளைப் பற்றி உலக சுகாதார அமைப்பு எச்சரித்தது. நம் அரசோ தன் சோதனையில் மருந்தில் குறையில்லை என்றது. ஆனாலும் 2023 ஜூனிலிருந்து ஏற்றுமதியாகும் இருமல் சிரப்பை அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதித்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஏற்றுமதியாகும் சிரப்பை. உள்ளூரில் விற்பதை அல்ல.

2025ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகளுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். கோல்ட்ரிஃப் என்ற அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தகவல் வந்ததும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்து ஓரிரு நாளில் முடிவைச் சொன்னது: டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். ஓரிரு நாளில் தெரிந்துகொள்ள முடிகிற ஒரு விஷயம், பாட்டில் ஆலையை விட்டுக் கிளம்பும்போது யாருக்கும் தெரியவில்லை. மூலப்பொருளை ஒவ்வொரு தடவையும் சோதித்த பிறகுதான் மருந்தில் சேர்க்க வேண்டும் என்று நம் விதியிலேயே இருக்கிறது.

கேனில் இருக்கும் கூலன்ட்டுக்கு ஒரு நல்ல தடுப்பு உண்டு. டெனடோனியம் என்ற மகா கசப்பான பொருளைத் துளி கலந்துவிட்டால் குழந்தை ஒரு வாய்க்கு மேல் குடிக்காது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் அதைச் சட்டமாக்கின, 2012ல் தயாரிப்பாளர்கள் தாங்களாகவே ஒப்புக்கொண்டார்கள். வீட்டில் கூலன்ட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காமலிருப்பது அதைவிடச் சுலபம். ஆனால் அம்மாவே ஸ்பூனில் ஊற்றிக் கொடுக்கும் சிரப்புக்கு எந்தக் கசப்பும் உதவாது.

சிறு குழந்தைகளின் சாதாரண சளிக்கு இருமல் சிரப் பெரும்பாலும் தேவையே இல்லை என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கோல்ட்ரிஃபில் இருந்த குளோர்ஃபெனிரமைன், ஃபினைலெஃப்ரின் கூட்டை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே உத்தரவும் இருந்தது. ஏதோ ஒரு சிரப் கொடுத்த பிறகு குழந்தை வாந்தி எடுத்து, சிறுநீர் குறைந்துகொண்டே போனால், அந்த பாட்டிலைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டல்சா டாக்டர்கள் 1937ல் கவனித்ததும் அதே அறிகுறியைத்தான்.