யாருடைய காலை அளந்தார்கள்?

ஆறு மாதமாகக் குதிகால் வலி. காலையில் பாயை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே ஆணி ஏறியது மாதிரி இருக்கும். மருத்துவர் என் செருப்பைக் கையில் எடுத்து இரண்டாக மடக்கிப் பார்த்தார். துணி மாதிரி மடங்கியது. "இதப் போட்டுக்கிட்டு நடந்தா வலிக்காம என்ன செய்யும்? மொதல்ல இத மாத்துங்க" என்றார். திண்டுக்கல் கடைவீதியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையிலும் யாரும் என் காலைப் பார்க்கவில்லை. "எட்டாண்ணே, ஒம்போதாண்ணே?" அவ்வளவுதான். எட்டில் சுண்டுவிரல் வெளியே பிதுங்கியது. ஒன்பதில் குதிகால் வழுக்கியது. "போடப் போடச் சரியாயிரும்ணே" என்றான் கடைப்பையன்.

செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதா என்று கேலியாகக் கேட்கும் பழமொழி நம்மிடம் உண்டு. நடந்தது அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. எந்தச் செருப்பு நல்லது என்கிற கேள்விக்கு முன்னால், யாருடைய காலை அளந்து செருப்புச் செய்தார்கள் என்கிற கேள்வி இருக்கிறது.

அந்த 'எட்டு' எங்கிருந்து வந்தது? அது ஆங்கிலேயர் அளவு. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஒரு வாற்கோதுமை மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. நம் கடைகளுக்கு வந்து சேர்ந்தபோது அது நீளத்தை மட்டும் சொல்லும் எண்ணாக இருந்தது, அகலம் விடுபட்டுப் போனது. 1947இல் ஆட்சி மாறியது, அளவு மாறவில்லை. சென்னையில் 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியரின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலமானது என்று அதில் தெரிந்தது. 'பா' என்ற பெயரில் புதிய அளவுமுறையும் பரிந்துரைக்கப்பட்டது. சுதந்திரம் வந்து ஏறத்தாழ எழுபத்தைந்து வருஷம் கழித்து! அதுவரை, விரல் பிதுங்கினால் குற்றம் நம் காலுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதைத் திண்டுக்கல்லில் உட்கார்ந்து எழுதுவதில் ஒரு முரண் இருக்கிறது. பூட்டுக்கும் சுருட்டுக்கும் பேர்போன இந்த ஊர் தோலுக்கும் பேர்போனது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தென்னிந்தியத் தோல், 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு அதுவே மேல்தோல். அந்த வியாபாரத்தையே அரசு தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அப்படித் தோல் பதனிட்ட தென்னிந்திய ஊர்களில் திண்டுக்கல்லும் ஒன்று. தோல் இங்கிருந்து போயிற்று, அளவு அங்கிருந்து வந்தது. கழிவு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் மாசு அபராதம் விதித்தபோது, அந்த ஐந்து மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் இருந்தது.

தோல்ஷாப்பின் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்ற கால்கள் யாருடையவை? பெரும்பாலும் தலித்துகளுடையவை. தோலை உரித்தவர், பதனிட்டவர், தைத்தவர் எல்லோரும் அவர்கள்தான். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. இது வாய்வழிக் கதை மட்டுமில்லை, பதிவாகியிருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்கள்மீது கள்ளர்கள் விதித்த எட்டுத் தடைகளை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் தந்திருக்கிறார். ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் போடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

இதை அவமானத்தின் குறியீடு என்று வாசித்துப் பழகியிருக்கிறோம். நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். குறியீடு என்பது சரிதான், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது நம்மைப் போலப் படித்தவர்களின் சௌகரியம். சித்திரை வெயிலில் இந்தச் சமவெளியின் மண் கொதிக்கும். வரப்பெல்லாம் கருவேல முள். ஈர மண்ணில் இருக்கும் கொக்கிப்புழு வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய், குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். அதனால் வரும் சோகைக்கு 'அவனுக சோம்பேறிக' என்று ஊர் வேறொரு பெயர் வைத்தது. ஆக, செருப்புக்கான தடை மானத்தை மட்டும் பறிக்கவில்லை, ரத்தத்தையும் எடுத்திருக்கிறது.

இன்னொரு வெறுங்காலும் எங்கள் ஊரில் உண்டு. தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து நத்தம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள். கொப்புளத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு நடப்பவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த நேர்த்தியை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் செருப்பைத் துறப்பதற்கு முதலில் செருப்பு வேண்டும், அதைப் போடும் உரிமையும் வேண்டும். அதே பழனிக்கு மேற்கே, திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்து ராஜாவூரில், 2023 டிசம்பரில் சுமார் 60 தலித்துகள் ஒரு தெருவில் முதன்முறையாகச் செருப்புக் காலோடு நடந்தார்கள். தலித்துகள் பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்திலேயே எழுதியாகிவிட்டது. சட்டம் அந்தத் தெருவுக்குள் நடந்துவர எட்டு வருஷம்.

அப்படியானால் காலைக் கேட்டுச் செய்த செருப்பு என்று எதுவுமே இல்லையா? இருக்கிறது. அது பிறந்தது தொழுநோயாளிகளிடையே. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நோய் தின்றுதான் பாதம் அழுகுகிறது என்று அதுவரை பலரும் நம்பினார்கள். உணர்ச்சி போன பாதம் வலி தெரியாமல் ஒரே இடத்தை அழுத்தி அழுத்தி நடப்பதால்தான் புண்ணாகிறது என்று அவரும் சகாக்களும் காட்டினார்கள். வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் இதற்கென்று செருப்பு உருவாகியது. பாதம் படும் இடத்தில் நுண்துளை ரப்பர், முள் ஏறாதபடி அடியில் கெட்டி ரப்பர், கழன்று போகாமல் குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். ஆணி கிடையாது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்தச் செருப்பைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் செருப்பே நோயைக் காட்டிக்கொடுத்ததால் பலர் அதைப் போட மறுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். உடம்புக்குச் சரியான செருப்பு ஊருக்குச் சரிப்படவில்லை.

கடைசியில் நான் போனது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம். சாயங்காலமாப் பாத்து வரச் சொன்னார். பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுக்குத்தான் செய்யணுமாம். காகிதத்தை விரித்தார். நான் உட்கார்ந்தபடியே காலை வைத்தேன்.

"எந்திரிச்சு நில்லுங்க தம்பி. ஒக்காந்தா கால் வேற, நின்னா கால் வேற."

எடை ஏறும்போது பாதம் விரியும் என்பதை இத்தனை கடைகளில் அவர் ஒருவர்தான் கணக்கில் எடுத்தார். பென்சில் காலைச் சுற்றி வந்தது. விரல்களுக்கு முன்னால் அரை விரற்கடை இடம் விட்டார். பாதம் மடங்குகிற இடத்தில் செருப்பும் மடங்கணும், நடுவில் மடங்கக் கூடாது என்றார்.

"அந்தக் காலத்துல ஊருக்குள்ள செருப்புப் போட்டு நடப்பீங்களா அய்யா?"

தலையை நிமிர்த்தவில்லை. "கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போவோம். ஊர் தாண்டுனப்பறம் கீழ போட்டு மாட்டிக்குவோம்."

எல்லோருடைய காலையும் நிற்க வைத்து அளந்த கை அது. ஒரு வாரத்தில் செருப்பு வந்தது. சுண்டுவிரல் உள்ளே இருக்கிறது, வலியும் குறைந்திருக்கிறது. அவருடைய காலை யாராவது அளந்திருக்கிறார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.