பத்திரத்தில் இல்லாத பூட்டி

வன்னியின் சரித்திரத்தைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் வாளிலேயே தொடங்குவர். 1803-இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனைச் சிறு பிள்ளையும் அறியும். அவனுக்கு இருபது ஆண்டுகள் முன்னர், 1782-இல், ஒல்லாந்தரை எதிர்த்து நின்று, சிறைப்பட்டுக் கொழும்புக் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்ட வன்னிச்சி மரியா செம்பாத்தையை அறிந்தோர் சிலரே. அன்னிய நாட்டார் எழுதிவைத்த குறிப்புகளிலேதான் அவள் பெயர் தங்கியிருக்கிறது. ஆட்சி செய்தவளுக்கே இக்கதியெனில், தலைச்சுமையோடு காட்டுக்குள் நடந்து வந்தவளின் கதி என்ன?

கிளிநொச்சியில் நாம் கற்பிக்கும் பத்தாந்தர வகுப்பு மாணவரிடம் தத்தம் குடும்ப மரத்தை வரைந்துவரச் சொன்னோம். ஏறக்குறைய எல்லா மரங்களும் ஓர் ஆண்மகனின் பெயரில் வேரூன்றியிருந்தன. ஒரு மாணவியின் தாளில், பூட்டனின் பெயருக்கு அருகிலிருந்த கட்டத்தில் 'மனைவி' என்ற சொல் மட்டுமே இருந்தது. காரணம் கேட்டோம். "காணிப் பத்திரத்தைப் பார்த்து எழுதினனான், சேர். பத்திரத்தில அவவின்ர பேர் இல்லை" என்றாள்.

அவள் மீது குற்றமில்லை. இப்பிரதேசத்தின் பிறப்புச் சாசனமே அப்பத்திரந்தான். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902-இல் தொடங்கி 1920-இல் நிறைவெய்திற்று. குளம் இருந்தது; குடிகள் இல்லை. யாழ்ப்பாணத்தின் நெருக்கடிக்கும் வேலையின்மைக்கும் பரிகாரமாக 1936-இல் கிளிநொச்சிக் குடியேற்றம் ஆரம்பமாயிற்று. உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம் எனக் குடியேற்றங்கள் பெருகின. இலங்கையின் வறண்ட வலயக் குடியேற்றங்களை ஆராய்ந்த பி. எச். ஃபார்மர் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர், 1957-இல் வெளியிட்ட தமது நூலின் தலைப்பிலேயே இம்மக்களை 'முன்னோடிகள்' என்றார்.

அம்முன்னோடிகளுள் பாதிப்பேர் பெண்கள் அல்லரோ?

மாணவியின் அம்மம்மா அப்பூட்டியின் மூத்த மகள். 1950-களில், நாலு வயதுப் பிள்ளையாகத் தாயோடு ரயிலில் வந்து இறங்கியவர். தகப்பன் ஒரு வருடம் முந்தியே வந்து, வாடியில் தங்கிக் காடு வெட்டிக்கொண்டிருந்தார். "அப்பு மரத்தை வெட்டினார், வேரைக் கிளப்பினது அம்மா" என்றார் அம்மூதாட்டி. காலபோகத்தில் புல்லுப் பிடுங்கியது, மழையிருட்டில் காவற்கொட்டிலிலிருந்து பன்றிக்குச் சத்தம் வைத்தது, கணவன் காய்ச்சலில் கிடந்தபோது அருவி வெட்டுக்கு ஆள் பிடித்தது எல்லாம் பூட்டியின் வேலைகளே. காணிக் கச்சேரியில் பெயர் பதிந்தது மட்டும் பூட்டனுடையது.

1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் தீய நோக்கோடு இயற்றப்பட்டதன்று. வட்டிக்காரன் கையில் நிலம் போகலாகாது. துண்டு துண்டாகச் சிதறலாகாது என்பதே அதன் நோக்கம். ஆயினும் சிதறாமற் காப்பதற்கு அது கண்ட வழி யாது? பின்னுரித்தாளரை நியமியாது ஒருவன் இறந்தால், மகன்மாருள் மூத்தவனுக்கே காணி. மகன் இருக்க மகளுக்கு இடமில்லை. சகோதரன் இருக்கச் சகோதரிக்கும் இடமில்லை. கைம்பெண் தன் சீவியகாலம் வரை அனுபவிக்கலாம். தான் விரும்பியவருக்கு எழுதிவைக்க இயலாது. மறுமணம் செய்தாலோ அனுபவிக்கும் உரிமையும் போய்விடும்.

இதிலுள்ள விந்தையை வாசகர் கவனிக்க வேண்டும். பூட்டி விட்டு வந்த யாழ்ப்பாணத்தில், 1707-இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையின்படி, பெண்ணுக்குச் சீதனக் காணி உண்டு. விற்பதற்குக் கணவனின் சம்மதம் வேண்டியிருந்தது உண்மையே. சீதனம் பல வீடுகளைக் கடனில் ஆழ்த்தியதும் உண்மையே. எனினும் உறுதியில் அவள் பெயர் இருந்தது. பழைய வழமை தந்த அந்தச் சிறு உரிமையையும், புதிய நாகரிகச் சட்டத்தின் கீழ் காட்டை நாடாக்க வந்தவள் இழந்தாள்!

பூட்டன் இறந்தார், பின்னர் பூட்டியும் இறந்தார். காணி மூத்த தம்பிக்குச் சென்றது. 1996-இல் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்கு மாறியபோது ஓடிய ஓட்டத்திலும், 2009-இல் முள்ளிவாய்க்கால் வரை சென்ற நடையிலும், அப்பத்திரத்தைப் பொலித்தீன் உறையில் சுற்றி மடியில் வைத்துக் காத்தவர் அம்மம்மா. தம்பி அவ்வாண்டில் மாண்டார், மணமாகாதவர். முகாமிலிருந்து திரும்பிப் பற்றைக்காடாய்க் கிடந்த வயலை மீண்டும் வெட்டித் திருத்தியவர்கள் அம்மம்மாவும் கணவனை இழந்த அவர் மகளும். தாய் செய்ததை மகளும் பேத்தியும் இரண்டாந்தரம் செய்தனர்.

சட்டப்படி காணி யாருக்கு? கொழும்பில் கடை வைத்திருக்கும் இளைய தம்பிக்கு. "அக்காவே செய்யட்டும்" என்கிறார் அவர்; நல்ல மனிதர். நல்ல மனிதரல்லாத தம்பிமார் வாய்த்தவர்களையும் நாம் அறிவோம். ஆனால், கடன் கேட்டுப் போகும்போது தம்பியின் நல்ல மனத்தைப் பிணையாக யாரும் ஏற்பதில்லை. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து இம்மண்ணில் கூலிகளாய் உழைத்த பல குடும்பங்களுக்கோ, சண்டையிடுவதற்கு ஒரு பத்திரங்கூட நெடுங்காலம் இருந்ததில்லை. அது தனியே எழுதப்பட வேண்டிய கதை.

2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. வாரிசு அட்டவணையில் ஆண், பெண் என்ற வேற்றுமை நீக்கப்பட்டது. எண்பத்தேழு ஆண்டுகள் சென்றன. தம்பி இறந்ததோ 2009-இல்.

அடுத்த திங்கட்கிழமை மாணவி தாளைத் திருத்திக் கொண்டுவந்தாள். 'மனைவி' என்ற சொல்லை அழித்துவிட்டுப் பூட்டியின் பெயரை முழுமையாக எழுதியிருந்தாள். தொழில் என்ற இடத்தில் பூட்டனுக்கு எழுதிய அதே சொல்லை எழுதியிருந்தாள்: கமம்.