பாலத்துச் சுங்கமும் ரயிலின் பங்கும்: நியூயார்க் கணக்கு

சாலைச் சுங்கத்தில் ஒரு பங்கை நகரப் போக்குவரத்துக்குத் தருவதற்கு, நெரிசலும் புகையும் உண்டாக்கும் கார்க்காரர் அதற்கு ஈடுகட்டுகிறார் என்ற அறநியாயத்தையே பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். நியூயார்க்கின் அரை நூற்றாண்டு அனுபவத்துக்கு இந்த விளக்கம் போதாது. வசூலாகும் டாலரில் முதல் உரிமை யாருக்கு என்று எழுதிவைத்த கடன்பத்திரம்தான் அங்கே ரயிலின் பங்கைத் தீர்மானித்தது என்பது என் வாதம்.

1936 ஜூலையில் ட்ரைபரோ பாலம் திறந்தபோது காருக்கு 25 சென்ட். அந்தப் பாலத்தை நடத்திய ஆணையத்தைக் கையில் வைத்திருந்தவர் ராபர்ட் மோசஸ். பாலத்துக்கு வாங்கிய கடன் அடைந்தால் ஆணையமும் கலைய வேண்டியதுதான். அவரோ பழைய கடன் தீருமுன் புதுப் பத்திரம் வெளியிட்டு, தம் அதிகாரங்களையும் பத்திர ஒப்பந்தத்துக்குள் எழுதிவிட்டார். ஒப்பந்தங்களைக் குலைக்கும் சட்டத்தை மாநிலங்கள் இயற்ற அமெரிக்க அரசியலமைப்பு தடைவிதிக்கிறது. மேயரால் அந்தப் பணத்தைத் தொட முடியவில்லை. சுரங்க ரயில் நலிந்துகொண்டிருக்க, சுங்க உபரி மேலும் பாலங்களாகவே எழுந்தது. 1964இல் திறந்த வெரசானோ பாலத்தில் தண்டவாளம் கிடையாது.

1968இல் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் இந்த ஆணையத்தைப் பெருநகரப் போக்குவரத்து நிறுவனமான எம்.டி.ஏ.வின்கீழ் கொண்டுவந்தார். பத்திரக்காரர்களின் சார்பில் சேஸ் மன்ஹாட்டன் வங்கி வழக்காடி, கடைசியில் சமரசத்துக்கு வந்தது. வங்கியை நடத்தியவர் ஆளுநரின் தம்பி டேவிட். சமரசத்தில் சட்ட நுணுக்கத்துக்கு எவ்வளவு பங்கு, குடும்பத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இன்று அந்த ஆணையத்திடம் ஏழு பாலங்கள், இரண்டு சுரங்கச் சாலைகள். பராமரிப்பும் கடன் தவணையும் போக மிஞ்சுவதில் முதல் 2.4 கோடி டாலர் நகர ரயில், பேருந்துக்கு. அதன்பின் அவற்றுக்கும் புறநகர் ரயிலுக்கும் சரிபாதி என்பது அடிப்படைச் சூத்திரம். பத்திரக்காரரின் முதலிடம் அப்படியே இருக்கிறது. அவருக்குப் பின்னால் நிற்பவர்தான் மாறியிருக்கிறார்.

இந்த ஏற்பாட்டில் பெரிய ஓட்டையும் இருந்தது. புரூக்ளின், மன்ஹாட்டன் உள்ளிட்ட ஈஸ்ட் ஆற்றுப் பாலங்கள் நான்கிலும் 1911 முதல் சுங்கம் இல்லை. 1986க்குப் பின் வெரசானோவில் ஸ்டேட்டன் ஐலண்ட் நோக்கிப் போகிறவரிடம் மட்டுமே வசூல். ஆகவே புரூக்ளினிலிருந்து நியூஜெர்சிக்குச் சரக்கேற்றும் சிறு லாரி மன்ஹாட்டன் பாலத்தில் காசில்லாமல் ஏறி, கேனால் தெருவை அடைத்துக்கொண்டு போய், ஹாலந்து சுரங்கச் சாலையில் இறங்கும். அங்கும் நியூயார்க்குக்குள் வருபவரிடம்தான் காசு. ஓட்டுநரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? வெரசானோவில் இருதிசை வசூல் 2020 டிசம்பரில்தான் திரும்பியது.

மன்ஹாட்டனில் 60ஆம் தெருவுக்குத் தெற்கே நுழையும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் விதிக்க 2019இல் சட்டம் வந்தது. அந்த வருவாயைக் காட்டி 1,500 கோடி டாலர் திரட்டுவது திட்டம்: 80 விழுக்காடு நகர ரயில், பேருந்துக்கு, இரு புறநகர் ரயில்களுக்குத் தலா 10. ஆனால் தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில், 2024 ஜூனில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் அதை நிறுத்திவைத்தார். மோசஸிடம் எந்த மேயராலும் செய்ய முடியாததை அவரால் ஓர் அறிவிப்பில் செய்ய முடிந்ததற்குக் காரணம் எளிது: வசூலே தொடங்காத கட்டணத்துக்காக வழக்காடப் பத்திரக்காரர் எவரும் இல்லை.

2025 ஜனவரி 5 அன்று, காருக்கு 15 டாலர் என்றிருந்தது 9ஆகக் குறைந்து வசூல் தொடங்கியது. 2028இல் 12, 2031இல் 15 என்பது அட்டவணை. அதற்குள் இந்த வருவாயின் மேல் எவ்வளவு கடன் ஏறியிருக்கும் என்பதைப் பொறுத்தே அந்த அட்டவணையின் ஆயுள்.