முயலும் காளானும்

உறங்கப் போகும் குழந்தைக்குப் படக்கதை படித்துக் காட்டியிருக்கிறீர்களா? நீங்கள் வாய் திறப்பதற்குள் குழந்தையின் விரல் படத்தின்மேல் போய் நிற்கும். சொல்லுக்கு முன்னே படம் பேசிவிடுகிறது. இதனை நன்கு உணர்ந்தவர் மொராவியாவில் பிறந்த கல்வியாளர் கொமீனியஸ். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட 150 படங்களுடன் அவருடைய நூல் 1658ஆம் ஆண்டு நூரம்பெர்க் நகரில் வெளிவந்தது. ஆனால் அது பாடநூல். படுக்கையில் கேட்டு மகிழும் படக்கதைகள் பெருகியது 19ஆம் நூற்றாண்டில்தான். அதன் இறுதியில் உருவாகி, இன்றும் உலகெங்கும் படிக்கப்படும் ஒரு கதையின் வரலாற்றைக் கேளுங்கள்.

1893 செப்டம்பர் 4. நோயல் என்ற ஐந்து வயதுச் சிறுவன் லண்டனில் நோயுற்றுப் படுத்திருந்தான். அவனுடைய தாயிடம் முன்னர்ப் பாடம் கற்றவர் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் 27 வயதுப் பெண். சிறுவனுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல், பீட்டர் என்ற குறும்புக்கார முயலின் கதையைப் படம் வரைந்து கடிதமாக அனுப்பினார்.

இந்தப் பெண்மணி கதை மட்டும் எழுதியவர் அல்லர். அதே ஆண்டுகளில் அவர் நூற்றுக்கணக்கான காளான்களை வரைந்தார். ஸ்காட்லாந்தில் தபால்காரராக இருந்த சார்லஸ் மக்கின்டாஷ் என்ற இயற்கை ஆய்வாளர் அவருக்குக் காளான் மாதிரிகளை அஞ்சலில் அனுப்பி வந்தார். காளானின் ஸ்போர்களை முளைக்க வைத்து நுண்ணோக்கியில் கவனித்த பாட்டர், அதுபற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1897 ஏப்ரல் 1 அன்று லண்டன் லின்னேயன் கழகத்தில் அது முன்வைக்கப்பட்டது. எழுதியவர் அங்கே இருந்தாரா? இல்லை! பெண்கள் அக்கழகத்தின் கூட்டத்தில் கலந்துகொள்ள முடியாது. வேறொருவர் அவர் சார்பில் அளித்தார். பிறகு பாட்டர் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது அச்சேறவே இல்லை. கையெழுத்துப் படியும் இன்று கிடைக்கவில்லை.

அறிவியலின் கதவு இவ்வாறு அடைபட்டபின் அவர் முயலை நினைத்துக்கொண்டார். நோயல் பத்திரமாக வைத்திருந்த கடிதத்தைக் கடனாக வாங்கி, கதையை விரித்து எழுதினார். பதிப்பகங்கள் மறுத்துவிட்டன. 1901 டிசம்பரில் தம் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். பின்னர், படங்கள் வண்ணத்தில் இருந்தால் வெளியிடுவதாக வார்ன் பதிப்பகத்தார் இசைந்தனர்.

வண்ணப்படம் அச்சிடுவது அன்று எளிதா? அதற்குமுன் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு மரக்கட்டை செதுக்க வேண்டும். பாட்டரின் நூலுக்குப் புதிய மூவண்ண முறை கைகொடுத்தது. அது என்ன? ஓவியத்தை நிற வடிகட்டிகள் வழியே மூன்று முறை புகைப்படம் எடுப்பார்கள். அவற்றிலிருந்து நுண்புள்ளிகள் கொண்ட மூன்று உலோகத் தகடுகள் செய்வார்கள். மஞ்சள், சிவப்பு, நீல மைகளில் அவற்றை ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். புள்ளிகள் கண்ணில் கலந்து பல நிறங்களாகத் தோன்றும். செதுக்குபவரின் கை குறுக்கிடாமல், ஓவியரின் தூரிகை வேலை அப்படியே தாளில் இறங்கியது.

1902 அக்டோபரில் நூல் வெளிவந்தது. சிறு கைகளுக்கேற்ற சிறு நூல், விலையும் குறைவு. முதலில் அச்சிட்ட 8,000 படிகளும் வெளிவருமுன்பே விற்றுப்போயின. முயல் நீலச் சட்டை அணிந்திருக்கிறது. ஆயினும் அதன் காதும் காலும் முதுகின் வளைவும் உண்மையான முயலுக்கு உரியவை. காளானை உற்று நோக்கிய அதே கண்கள் அல்லவா அதை வரைந்தன!

காளான்கள் என்னவாயின? 1943இல் பாட்டர் மறைந்தார். 1967இல் வெளிவந்த ஒரு காளான் நூலில் அவருடைய 59 ஓவியங்கள் இடம்பெற்றன. 1997இல், அவர் உரிய முறையில் நடத்தப்படவில்லை என்பதை லின்னேயன் கழகமே ஒப்புக்கொண்டது. கட்டுரை முன்வைக்கப்பட்டு அப்போது நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி எப்போதாவது அந்த முயல் கதையைக் குழந்தைக்குப் படித்துக் காட்டினால், படங்களைச் சற்று நின்று பாருங்கள். ஒவ்வொரு கோட்டின் பின்னாலும், அச்சேறாமற்போன ஒரு காளான் கட்டுரை மறைந்திருக்கிறது.