ஒயின்ஷாப்பில் கிடைக்காத சரித்திரம்: ஜுன்னரும் நாராயண்காவும்

நம்மூரில் 'ஒயின்ஷாப்' என்று ஒரு வார்த்தை உண்டு. ஒயினைத் தேடிப் போகிறவன் மட்டும் அங்கே போகமாட்டான் :-) புனேயிலும் அதே கதைதான். போர்டில் ஒயின், உள்ளே பிராந்தியும் பீரும். அதனாலேயே நம் வீடுகளில் ஒயின் என்றாலே முகம் சுளிப்பு. குழந்தைகள் காதில் விழவே கூடாத வார்த்தை.

ஆனால் பாருங்கள், புனேயில் செட்டிலான தமிழ்க் குடும்பங்கள் அஷ்டவிநாயகர் தரிசனம் என்று கட்டுசாதம் கட்டிக்கொண்டு ஓஜருக்கும் லேண்யாத்ரிக்கும் போகிறோமே, அந்த வழியில் இருக்கிற நாராயண்காவ்தான் ஒரு காலத்தில் இந்திய ஒயினின் தலைநகர். அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஜுன்னரோ, ஒயின் குடித்த யவனர்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே வந்து தங்கிய ஊர். இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்றுதான் இந்தப் பதிவு.

யவனர் வந்த வழி

ஜுன்னருக்கு மேற்கே சஹ்யாத்ரி மலையில் நாணேகாட் என்று ஒரு கணவாய். கீழே கொங்கணத்துத் துறைமுகங்கள், மேலே தக்காண பீடபூமி. இரண்டையும் இணைத்த வியாபாரப் பாதை இது. பாதையை ஆண்டவர்கள் சாதவாகனர்கள். அங்கே ஒரு குகையில் நாகனிகா என்ற சாதவாகன அரசியின் கல்வெட்டு இருக்கிறது. யாகங்களில் கொடுத்த தானங்களைப் பட்டியல் போட்டு, எண்களைக் குறியீடுகளாகவே எழுதியிருக்கிறார்கள். நம் எண்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்தக் கல்வெட்டைத் தொடாமல் போகமாட்டார்கள். கணவாயின் வாயில் பெரிய கல் தொட்டி ஒன்றும் உண்டு. சுங்கக் காசு போட்ட தொட்டி என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

இந்த வழியாக வந்தவர்களில் யவனரும் உண்டு. ஜுன்னரைச் சுற்றியுள்ள பௌத்தக் குகைகளில் இரிலன், சிடன், சந்தன் என்று மூன்று யவனர்கள் தானம் கொடுத்த கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒருவர் தண்ணீர்த் தொட்டி வெட்டிக் கொடுத்திருக்கிறார், இன்னொருவர் பிக்குகளுக்குச் சாப்பாட்டு மண்டபம். வெளியூரில் சம்பாதித்து, அந்த ஊர்க் கோயிலுக்கே நன்கொடை எழுதி, பெயரையும் பொறித்துக் கொண்டிருக்கிறார்கள். நம்ம ஆட்கள் மாதிரியே இல்லை?

இவர்கள் காலத்துக் கப்பல்களில் ஒயின் வந்தது. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் கையேடு, குஜராத்தின் பரூச் துறைமுகத்தில் இறங்கிய சரக்குகளில் ஒயினைச் சொல்கிறது. அதிலும் இத்தாலி ஒயினுக்குத்தான் கிராக்கியாம். அந்த ஒயின் வந்த இரண்டு கைப்பிடி ஜாடிகளுக்கு ஆம்போரா என்று பெயர். புனே டெக்கான் கல்லூரியின் சங்காலியா தலைமையில் 1950-களில் நெவாசாவில் தோண்டியபோது இந்த ஜாடியின் உடைசல்கள் கிடைத்தன.

நமக்கு இது புதுக்கதை இல்லை. 1945-ல் மார்ட்டிமர் வீலர் பாண்டிச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டியபோதும் இதே ஜாடிகள்தான் வெளியே வந்தன. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டு வந்த மதுவைப் பொன் கிண்ணத்தில் அருந்தி மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். ஆக, ஒயின் நேற்று அமெரிக்காவில் இருந்து வந்த நாகரிகம் என்று சொல்வதற்கில்லை.

நாராயண்காவின் ஷாம்பெயின்

இனி ஒரே தாவலாக 1980-களுக்கு வருவோம். ஷாம்ராவ் சௌகுலே என்ற மராட்டியத் தொழிலதிபர், பிரான்சின் ஷாம்பெயின் பகுதி நிபுணர்களை அழைத்து வந்து, நாராயண்காவில் நுரைக்கும் ஒயின் செய்யும் ஆலையை ஆரம்பித்தார். இண்டேஜ் என்று பெயர். வெளிநாட்டுக்குப் போன பாட்டிலுக்கு 'ஓமர் கய்யாம்', உள்நாட்டில் 'மார்க்கீஸ் த பொம்பதூர்'. இந்திய ஒயினா என்று சிரித்த லண்டன்காரர்கள் குடித்துப் பார்த்துவிட்டுப் பாராட்டினார்கள்.

செய்முறை சுவாரஸ்யமானது. முதலில் சாதாரண ஒயின் தயார் செய்து பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடுவார்கள். உள்ளேயே மறுபடி நொதிக்கும். வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினிலேயே கரையும். அதுதான் நுரை. அப்புறம் பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் ஈஸ்ட் வண்டல் கழுத்தில் வந்து சேரும். கழுத்தை மட்டும் உறைய வைத்துத் திறந்தால் வண்டல் கட்டியாகத் தெறித்து விழும். அவ்வளவும் பொறுமை வேலை.

ஏன் இந்த ஊர்? மலைக்குக் கிழக்கே மழை குறைவு. குகடி நதித் திட்டத்து அணைகளால் பாசனம். குளிர்காலத்தில் ராத்திரி நல்ல குளிர், பகலில் வெயில். ஐரோப்பாவில் திராட்சைக் கொடி பனிக்காலம் முழுக்கத் தூங்கும். இங்கே தூக்கமே கிடையாது. ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் இன்னொன்று, பிப்ரவரி மார்ச்சில் அறுவடை. அங்கே குளிரில் விறைத்து நிற்கிற மாதத்தில் இங்கே பழம் பறிக்கிறார்கள்!

2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதனிடும் தொழிலுக்குத் தனிக் கொள்கை அறிவித்து வரிச்சலுகை கொடுத்தது. புதுப்புது ஆலைகள் முளைத்தன. விவசாயிகள் சாப்பிடும் திராட்சையை விட்டு ஒயின் ரகங்களை நட்டார்கள். கொடி நட்டால் பலன் வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை கடன்தான்.

2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. அந்த நவம்பரில் மும்பைத் தாக்குதல், ஹோட்டல்களில் கூட்டமில்லை. ஒயின் தேங்கியது. இண்டேஜும் கடனில் மூழ்கி, சில வருஷங்களில் கடையைக் கட்டியது. இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒயின் திராட்சை சின்னது, கொட்டை அதிகம், தோல் தடிப்பு. ஆலை வாங்காவிட்டால் சந்தையில் கூடை வைத்து விற்க முடியாது. மகாராஷ்டிரத்தில் பலர் தாங்கள் நட்ட கொடியைத் தாங்களே பிடுங்கிப் போட்டார்கள். ஒரே ஒரு வாங்குபவரை நம்பிப் பயிர் வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம். ஒரே கம்பெனியை நம்பி ஊர்விட்டு ஊர் வந்திருக்கிற நமக்கு இது புரியாமல் போகாது.

ஒயின் சுற்றுலா இப்போது நாசிக்குக்கு நகர்ந்துவிட்டது, சுலா போன்ற பெயர்கள் அங்கேதான். ஜுன்னர் வட்டாரம் சாப்பிடும் திராட்சையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. ஒயின் சர்ச்சை மட்டும் ஓயவில்லை. 2022-ல் சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்கலாம் என்று மாநில அமைச்சரவை முடிவெடுத்ததும் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருப்பேன் என்றார். விவசாயிக்கு வருமானம் என்றது ஒரு பக்கம், குடும்பம் கெடும் என்றது இன்னொரு பக்கம். டாஸ்மாக் பார்த்து வளர்ந்த நமக்கு இரண்டாவது பக்கம் சட்டென்று புரியும். முதல் பக்கத்தையும் ஒரு நிமிஷம் யோசிக்கலாம் என்பது என் கட்சி.

குடும்பத்தோடு போனால்

புனேயில் இருந்து நாசிக் ரோட்டில் சுமார் 75 கிலோமீட்டர் நாராயண்காவ். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள்.

லேண்யாத்ரி: கிரிஜாத்மஜ விநாயகர் இருப்பது ஒரு பௌத்த விகாரத்துக்குள். அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒரு தூண்கூட இல்லை, கவனியுங்கள். படிகள் அதிகம், முழங்கால் வலிக்காரர்கள் யோசித்து ஏறவும்.

சிவநேரி: 1630-ல் சிவாஜி பிறந்த கோட்டை. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 மராட்டியக் கோட்டைகளில் இதுவும் ஒன்று, நம் செஞ்சியும் ஒன்று! பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இணைப்பு கிடைக்காது.

கோடத்: 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆண்டெனாக்களைக் கொண்ட ரேடியோ தொலைநோக்கி இந்த வட்டாரத்தில் பரந்து கிடக்கிறது. அமைத்தவர் கோவிந்த் ஸ்வரூப். ஊட்டியில் 1970-ல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கியும் அவர் கைவண்ணமே. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தை ஒட்டிப் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் போனால் ரோட்டோரத்தில் கறுப்புத் திராட்சை குவிந்திருக்கும். இரண்டு கிலோ வாங்குங்கள், பேரம் மட்டும் ரொம்பப் பேசாதீர்கள். அந்தக் கொடிக்குப் பின்னால் எத்தனை வருஷக் காத்திருப்பு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.