தமிழ்க் கிறித்தவ வழிபாட்டில் இசையும் கலையும்: தாம்பரம் மாநாட்டின் முன்னும் பின்னும்

முன்னுரை

தமிழகத்தில் வேரூன்றிய சமயங்கள் யாவும் இசையோடு வளர்ந்தவை. தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் பாடப்பெற்ற பின்னரே படிக்கப்பெற்றன. கிறித்தவமும் இந்நெறிக்கு விலக்கன்று. எனினும், அச்சமயத்தார் வழிபாட்டில் தமிழிசை இடம்பெற்ற வரலாறு நம் இலக்கிய வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகின்றது.

1938ஆம் ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை, சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில், அனைத்துலகச் சமயப்பணி மன்றத்தின் மாநாடு நடைபெற்றது. சீனத்தில் கூடுவதாக இருந்த அம்மாநாடு, ஆங்குப் போர் மூண்டமையால் தமிழகத்திற்கு மாற்றப்பட்டது. ஜான் மாட் தலைமையில் ஏறத்தாழ 470 பேராளர் கூடினர். ஒவ்வொரு நாட்டுத் திருச்சபையும் தன் சூழலுக்கு இயல்பான எண்ணங்களையும் வடிவங்களையும் தயக்கமின்றி மேற்கொள்ள வேண்டும் என்னும் கருத்து அங்கு வலியுறுத்தப்பெற்றது. உள்நாட்டு இசையும் கலையும் திருச்சபைக்குள் புக வழிதிறந்தது இம்மாநாடே எனக் கருதுவாரும் உளர்.

இக்கருத்துப் பொருந்துமா? தாம்பரத்தில் பேசப்பட்டதைத் தமிழ்ப் புலவர் நூறாண்டுகட்கு முன்னரே செய்து முடித்திருந்தனர் என்பதும், தமிழிசை என்னும்போது அஃது எவருடைய இசை என்னும் வினா அன்றுதொட்டு இன்றுகாறும் தீராது நிற்கின்றது என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்துகளாகும்.

மொழிபெயர்த்த பாமாலை

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவரும் அவர்வழி வந்தோரும் செருமானிய ஞானப்பாட்டுகளைத் தமிழில் பெயர்த்தனர். மெட்டு மாற்றப்படவில்லை, சொல் மட்டுமே தமிழாயிற்று. பின்னர்ச் சென்னை வேப்பேரியில் தொண்டாற்றிய பெப்ரீசியசு (1711–1791) இத்துறையில் பெரிதும் உழைத்தார். இவ்வாறு பெயர்க்கப்பெற்ற பாடல்களே பிற்காலத்தில் 'பாமாலை' எனப் பெயர்பெற்று நிலைத்தன.

இவற்றின் பத்திச்சுவை மறுக்கத்தக்கதன்று. ஆயின் யாப்பு நோக்கில் இவற்றுள் ஓர் இடர்ப்பாடு உண்டு. செருமானிய யாப்பு அசையழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் யாப்போ குறில், நெடில் என்னும் அளபினை அடிப்படையாகக் கொண்டது. மேலைநாட்டு மெட்டு நீளும் இடத்தில் தமிழ்க் குறில் வந்து அமருமாயின், பாடுவார் அதனை நீட்டியே ஆதல் வேண்டும். அவ்வழி 'விடு' என்பது 'வீடு' எனவும், 'படு' என்பது 'பாடு' எனவும் செவிப்படும். சொல்லின் நடுவே மெட்டு நின்று விடுதலும் உண்டு. அச்சிட்ட நூலைக் கையில் வைத்திருப்பார்க்கு இது பெருங்குறையன்று. செவி ஒன்றையே நம்பிய எழுத்தறியா மக்களுக்கோ பொருளே மயங்கும். அக்காலத் திருச்சபையில் இத்தகையோரே மிகப் பலர் என்பதை நினைதல் வேண்டும்.

கீர்த்தனை மரபு

இக்குறையைத் தீர்த்தவர் தஞ்சை வேதநாயகம் சாத்திரியார் (1774–1864). நெல்லைச் சீமையிற் பிறந்த இவரைச் சுவார்ட்சு இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கற்பித்தார். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி இவர்க்கு உடன் பயின்றவராகவும் புரவலராகவும் விளங்கினார். தியாகராயர் (1767–1847), முத்துசாமி தீட்சிதர், சியாமா சாத்திரி ஆகிய மூவரும் வாழ்ந்த காலமும் நிலமும் இவருக்கும் உரியன. அம்மூவர் பாடல்கள் பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலும் அமைந்தன. சாத்திரியாரோ, இராம நாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயர் (1711–1779) காட்டிய நெறியில், தமிழிலேயே பாடினார். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றுதற்கு ஒரு நூற்றாண்டிற்கு முன்பே தமிழ்ப் பாடல் ஒரு வழிபாட்டு மன்றத்தில் தலைமை பெற்றிருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கீர்த்தனையின் உறுப்புகளாகிய பல்லவி, அனுபல்லவி, சரணம் என்பன கூட்டு வழிபாட்டிற்கு மிக ஏற்றன. முன்னின்று பாடுபவர் சரணத்தைப் பாட, அவையோர் பல்லவியைத் திரும்பப் பாடுவர். நூலின்றியும் அனைவரும் பங்குகொள்ளலாம். எதுகையும் மோனையும் நினைவிற்குத் துணையாகும். சொல்லும் இசையும் ஒரே புலவர் உள்ளத்தில் உடன்தோன்றியமையால், நெடில் நீள வேண்டுமிடத்தில் நீளும். குறில் குறுக வேண்டுமிடத்தில் குறுகும்.

சாத்திரியார் கீர்த்தனையோடு நிறைவடைந்தாரல்லர். கும்மி முதலிய மக்கள் வடிவங்களையும், உலா, நாடகம் முதலியவற்றையும் கையாண்டார். அவற்றுள் தலையாயது, 1800ஆம் ஆண்டையொட்டி இயற்றப்பெற்ற பெத்லகேம் குறவஞ்சி. குற்றாலக் குறவஞ்சியில் நாம் காணும் தலைவன் உலா, தலைவியின் காதல், குறத்தி கூறும் குறி, சிங்கன் பறவை பிடித்தல் ஆகிய நிகழ்ச்சிகள் இதிலும் முறையே வருகின்றன. தலைவன் பெத்லகேம் நாதர். தலைவி தேவமோகினி, அவளே திருச்சபை. குறி கூறும் குறத்தி விசுவாசத்தின் உருவம். பறவை பிடித்தல் ஆன்மாக்களை ஈர்த்தல் ஆயிற்று. குறத்தி தன் நாட்டு வளம் கூறும் மரபு, உலகின் நிலவியலையும் புதிய வானியலையும் எடுத்துரைக்க இடம் தந்தது. சிற்றிலக்கியத்தின் கட்டமைப்பு ஓரிடத்தும் சிதையவில்லை. அதனுள் வைத்த பொருளே புதிது. வேற்றுநாட்டார் பணித்துச் செய்வித்ததன்று இது. தமிழ் மரபைத் தன் உரிமையெனக் கருதிய புலவன் ஒருவன் தானே செய்தது.

1829ஆம் ஆண்டையொட்டிய பூசல்

இவ்வுரிமை எளிதில் நிலைபெறவில்லை. சுவார்ட்சின் காலத்திற்குப் பின் வந்த புதிய குருமார் தஞ்சைத் திருச்சபையின் வழக்கங்கள் பலவற்றை மாற்ற முற்பட்டனர். 1820களின் இறுதியில் சாத்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் அவர்கள்மேல் சாட்டிய குறைகள் நான்கனைச் சுற்றி அமைந்தன: மறைநூலின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுதல், ஆலயத்தில் சாதிமுறை இருக்கையை நீக்குதல், விழாக்களில் மலரை விலக்குதல், தமிழ் இசைப்பாடல்களை விலக்குதல்.

இந்நான்கும் ஒரே மூச்சில் கூறப்பட்டமை வரலாற்றறிஞர் ஆழ்ந்து நோக்கற்பாலது. மலரும் இசையும் தமிழர் பண்பாடு என்று வழக்காடிய அதே புலவர், சாதிமுறை இருக்கையும் தமிழர் பண்பாடே என்று வழக்காடினார். சாதியாசாரம் பற்றி 1829ஐ ஒட்டித் தனியே எழுதவும் செய்தார். எதிர்த்தரப்பினரோ, சாதிப் பிரிவை நீக்கும் முயற்சியில் இசையையும் மலரையும் சேர்த்து ஒதுக்கினர். ஒரு சாரார் வேண்டியதை வேண்டாததோடு சேர்த்துக் காத்தனர். மற்றொரு சாரார் வேண்டாததை வேண்டியதோடு சேர்த்துக் களைய முயன்றனர். சாத்திரியாரின் கவித்திறத்தை வியக்கும் நாம் இதனை மறைத்தல் நேர்மையாகாது. தமிழ் மரபு என்பது ஒருமுகப்பட்டதன்று. அதனுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதே வினா.

தொகுத்தோரும் ஆய்ந்தோரும்

கீர்த்தனை வென்றது. மதுரை அமெரிக்கத் திருப்பணியைச் சார்ந்த எட்வர்டு வெப் என்பார் 1853இல் இத்தகைய பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். சாத்திரியாரின் பாடல்கள் அத்தொகுப்பிற் சிறப்பிடம் பெற்றன. தஞ்சைக்கு வெளியேயும் பிற திருச்சபைகளிலும் கீர்த்தனை பரவ இந்நூல் துணைசெய்தது. ஈரோட்டில் பணிபுரிந்த பாப்ளி தமிழிசையை முறையாகக் கற்று, 1921இல் இந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1931இல் திருக்குறட் பகுதிகளை ஆங்கிலப்படுத்தியவரும் அவரே.

தமிழிசை ஆய்வில் பெருந்தொண்டு புரிந்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகள் பலவற்றைத் தம் பொருட்செலவிலேயே கூட்டினார். 1917இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளைக் கொண்டு பழந்தமிழ்ப் பண்முறையை ஆராய்ந்த அந்நூலின் ஆசிரியர், தாமே கிறித்தவ இசைப்பாடல்கள் இயற்றியவருமாவார். வழிபாட்டு மன்றத்தில் வளர்ந்த இசையுணர்வே தமிழிசை ஆராய்ச்சிக்கும் ஊற்றுக்களன் ஆயிற்று எனின் மிகையாகாது.

கட்டடக் கலையிலும் இம்முயற்சி தலைகாட்டிற்று. திருப்பத்தூரில் 1921இல் சவரிராயன் ஏசுதாசனும் பாரெசுடர் பேட்டனும் நிறுவிய கிறித்துகுல ஆசிரமத்தின் செபாலயம், திராவிடக் கட்டடக் கலை நெறியில் எழுப்பப்பெற்றது.

தாம்பரம்

1837இல் சென்னை நகரில் பள்ளியாகத் தோன்றிய கிறித்தவக் கல்லூரி, சேலையூர்க் காட்டையடுத்த தாம்பரத்திற்கு 1937இல் குடிபெயர்ந்தது. நகரிலிருந்த காலத்தில் பரிதிமாற் கலைஞர் தமிழ் கற்பித்த கல்லூரி இது என்பதைத் தமிழ்த்துறையினர்க்கு நாம் நினைவூட்ட வேண்டுவதில்லை. புதிய வளாகம் அமைந்த மறு ஆண்டே உலக மாநாடு அங்குக் கூடியது. அதே 1938இல் செஞ்சையா, சக்கரை முதலிய சென்னைச் சிந்தனையாளர் கிறித்தவத்தை இந்தியச் சிந்தனைவழி மீண்டும் எண்ண வேண்டும் என்று ஒரு நூல் வெளியிட்டு, மாநாட்டின் பொதுப்போக்கோடு கருத்துப்போர் நிகழ்த்தினர்.

தாம்பரத்தின் சுற்றுப்புறமே இவ்வினாவின் வரலாற்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது. அணித்தேயுள்ள பரங்கிமலையில் 1523இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயத்தில், பகலவி எழுத்துப் பொறித்த பழைய கற்சிலுவை உள்ளது. அதே ஆலயத்தில் நூற்றாண்டுகளாக இலத்தீன் மொழியே பலிபூசையின் மொழி. தேம்பாவணியும் திருக்காவலூர்க் கலம்பகமும் தந்த வீரமாமுனிவர் (1680–1747) சார்ந்த கத்தோலிக்கத் திருச்சபையிலும், 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஆவணத்தை வெளியிட்ட பின்னரே தாய்மொழியும் நாட்டிசையும் பூசையின் நடுவிடத்தைப் பெற்றன. பகலவிக் கல்வெட்டும், இலத்தீன் மன்றாட்டும், ஆங்கிலப் பாடலும், தஞ்சைக் கீர்த்தனையும் ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்துக் காணப்படுதல் சென்னைத் தென்புறத்தின் தனித்தன்மை.

ஆகவே, தாம்பரம் மாநாடு விதையிட்ட நிலமன்று. முன்னரே விளைந்ததற்கு உலக அரங்கில் ஒப்புதல் கிடைத்த இடம் எனல் பொருந்தும்.

பறையும் கீர்த்தனையும்

அவ்வொப்புதலோடு வினா தீர்ந்துவிட்டதோ எனின், இல்லை. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலசு அப்பாவு (1940–2005), பறட்டை என்னும் பெயரில் பாடல் இயற்றியவர், புதியதொரு தடையை எழுப்பினார். செருமானிய மெட்டு ஊரார்க்கு அயலாயிருந்தவாறே, இராகமும் தாளமும் பயின்றார்க்கே வயப்படும் கர்நாடகக் கீர்த்தனையும் உழைக்கும் மக்களுக்கு அயலானது என்பது அவர் வாதம். திருச்சபையின் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினராயிருக்க, அவர்களுடைய பறையும் நாட்டுப்புற மெட்டும் ஆலயத்திற்குப் புறம்பே நிற்பது எங்ஙனம் முறையாகும் என்று வினவினார். கிராமிய இசையிலேயே ஒரு வழிபாட்டு முறையை அமைத்தார். நாட்டுப்புறப் பாடலைப் பாடுவோர் தம் தேவைக்கேற்பச் சொல்லை மாற்றிக்கொள்ளலாம். அம்மாற்றமே அதன் உயிர் என்பது அவர் கொள்கை.

1829இல் இருக்கையாக நின்ற வினாவே இங்கு இசைக்கருவியாக உருமாறி நிற்கின்றது. ஆலயத்தில் எவர் எங்கு அமர்வது என்று கேட்டது அக்காலம். எவருடைய கருவி எங்கு ஒலிப்பது என்று கேட்கின்றது இக்காலம். அப்பாவுவின் வாதத்தில் ஒரு திருத்தம் மட்டும் நாம் கூறவேண்டும். சாத்திரியார் கீர்த்தனை மட்டுமன்றிக் கும்மியும் குறவஞ்சியும் பாடினார். அவை மக்கள் மரபைத் தழுவியவை. பிற்காலத்தார் வழிபாட்டு நூல்களில் பெரிதும் போற்றியது கீர்த்தனையையே. ஆதலின், மக்கள் இசை ஒதுங்கியதற்குப் புலவரை மட்டும் பொறுப்பாக்குதல் தகாது. தொகுத்தோர் தெரிவும் அதற்குக் காரணமாம்.

முடிவுரை

இன்று தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய இடங்களின் ஞாயிறு வழிபாடுகளில் பாமாலை, கீர்த்தனை, கிதாரும் மின்விசைப் பலகையும் துணையாகப் பாடப்பெறும் புதுப்பாடல் ஆகிய மூன்றும் கேட்கப்படுகின்றன. கீர்த்தனை நூல்களில் பாடலின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்படினும், சுரக்குறிப்புப் பெரும்பாலும் இல்லை. மெட்டு, முதியோர் நாவிலேயே வாழ்கின்றது. நூலில் ஓர் இராகம் இருக்க, அவையில் மற்றொன்று ஒலிப்பதை நாமே பலகாலும் கேட்டிருக்கிறோம். நாவிலுள்ளது நாவோடு மறையும். மறைந்தபின் ஏட்டிலுள்ள பெயர் மெட்டைத் தாராது.

ஆதலின் தமிழ்த்துறை மாணவர்க்குரிய பணிகள் இரண்டு. ஒன்று, இப்பாடல்களைச் சமயத் துணைநூல் என ஒதுக்காது, பத்தொன்பதாம் நூற்றாண்டு இசைத்தமிழின் ஒரு பகுதியாகக் கொண்டு பாடவேறுபாடுகளோடு பதிப்பித்தல். மற்றொன்று, ஊர்தோறும் சென்று, கீர்த்தனை பாடும் முதியோரையும் பறையொடு பாடும் குழுவினரையும் ஒப்ப மதித்து, அவர்தம் பாடல்களை ஒலிப்பதிவு செய்தல். இவ்விரண்டனுள் ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் செய்வோமாயின், முன்னைத் தொகுப்பாளர் செய்த தெரிவையே நாமும் மீண்டும் செய்தவராவோம்.